கடுக்காய்க் கறையும் ரம்புத்தான் தோலும்

(மெர்சிங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேசைமேல் மூன்று கண்ணாடி டம்ளர்கள் வைத்திருக்கிறேன். முதலாவதில் இருப்பது நேற்று மாலை வாங்கிய ரம்புத்தானின் தோலை இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடித்த நீர். பார்வைக்குப் பாலில்லாத தேநீரான தே-ஓ மாதிரி இருக்கிறது. நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் வாய் முழுக்க இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. இரண்டாவதும் அதே வடிநீர்தான். இரவு அதில் நான்கு துருப்பிடித்த ஆணிகளைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது மை போலக் கறுத்திருந்தது. மூன்றாவதில் இருப்பது குழாய் நீர். அதில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைச் சற்று முன்புதான் கலக்கினேன். இதே ரம்புத்தான் தோலைக்கொண்டு செய்த துத்தநாக ஆக்சைடு நானோ தூள் அது. அதைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது டம்ளரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நடந்தது இந்த அவையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணையைக் கழுவாமல் வைத்தால் அலகு கறுத்துவிடும். வாழைப்பூ ஆய்ந்த விரல்களில் கறை இரண்டு நாள் நிற்கும். காயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதால் வரும் கறுப்பு அது. இதை நம் சாயக்காரர்கள் தொழிலாகவே வைத்திருந்தார்கள். கோடாலிக்கருப்பூரிலும் சிக்கலநாயக்கன்பேட்டையிலும் துணியில் சித்திரம் எழுதியவர்கள் முதலில் துணியைக் கடுக்காய் அரைத்த பாலில் தோய்த்துக் காயவைப்பார்கள். பிறகு பழைய இரும்பை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த கறுப்பு நீரால் கோடு இழுப்பார்கள். கோடு துணியில் பட்டதும் கறுத்துப் பதியும், துவைத்தாலும் போகாது. கடுக்காயின் துவர்ப்பு ஒரு பக்கம் நூலையும் மறுபக்கம் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். சோழமண்டலக் கரையில் இப்படிச் சாயமேறிய துணிகள்தாம் மலாக்கா வரைக்கும் கப்பலேறி வந்தன.

இந்த ஜொகூருக்கும் துவர்ப்போடு பழைய உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மாநிலத்தின் செல்வமே மிளகும் கம்பீரும்தான். இரண்டின் உருவமும் இன்றும் மாநிலச் சின்னத்தில் இருக்கின்றன. கம்பீர் இலையைக் கொதிக்கவைத்து இறுக்கினால் கிடைப்பது தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் ஏற்றவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட துவர்ப்புக் கட்டி. நம் வீட்டுக் காசுக்கட்டிக்கு அது தாயாதி. ஆகவே, இலைச்சாற்றை உலோகத்தோடு சேர்ப்பது நேற்று ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். எதற்காகச் சேர்க்கிறோம் என்பதில்தான் புதுமை. அன்று துணியில் சாயத்தை நிறுத்தச் சேர்த்தோம். இன்று தண்ணீரிலிருந்து சாயத்தைப் போக்கச் சேர்க்கிறோம்.

மூலக்கூறு அளவில் துவர்ப்பு என்றால் என்ன? இந்தப் பொருள்களில் ஆக்சிஜன் கைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். உலோக அயனி ஒன்று அருகில் வந்தால் இரண்டு கைகளும் இரு புறமிருந்து அதைக் கவ்வும். இதற்குத் தமிழ்ப் பாடநூல்கள் வைத்த பெயர் 'கொடுக்கு இணைப்பு'. வலையிலிருந்து நண்டை எடுத்துப் பழகிய ஊருக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான் இங்கே சொல்ல வந்த முதல் விஷயத்துக்கு வருகிறேன். இலைச்சாற்றால் நானோ துகள் செய்யும் இந்தத் துறையின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தவறு எனக்கு வருத்தம் தருகிறது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு ஜெரேனியம் இலை, வேப்பிலை, எலுமிச்சைப் புல் ஆகியவற்றின் சாறுகளால் வெள்ளி, தங்க நானோ துகள்களைச் செய்து காட்டியது. உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. அங்கே இலைச்சாறு வெள்ளி அயனிக்கு எலெக்ட்ரான் கொடுத்து அதை உலோக வெள்ளியாக ஆக்குகிறது. வேதியியலில் அதை ஒடுக்கம் என்கிறோம். வெள்ளி எலெக்ட்ரானை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். அதன் நியம மின்னழுத்தம் +0.80 வோல்ட். துத்தநாகத்துக்கோ அது –0.76 வோல்ட். வேப்பிலையும் துளசியும் ரம்புத்தானும் எவ்வளவு முயன்றாலும் நீரில் இருக்கும் துத்தநாக அயனியை உலோகமாக ஒடுக்க முடியாது. ஒடுக்க வேண்டியதும் இல்லை. அயனியில் துத்தநாகம் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் ஆக்சைடிலும் இருக்கிறது. வெள்ளிக்கு எழுதியதை அப்படியே துத்தநாகத்துக்குப் பெயர்த்து, 'இலைச்சாறு ஒடுக்கியாகச் செயல்பட்டது' என்று எழுதுவது பிழை. பிள்ளைகளே, உங்கள் ஆய்வேட்டில் அந்த வாக்கியத்தை எழுதிவிடாதீர்கள்.

அப்படியானால் தோல்தான் என்ன செய்கிறது? இதற்கு நேர்மையாகப் பதில் தேடிய ஒரு கட்டுரை 2014இல் வந்தது. தென்கொரியாவில் பணிசெய்த தமிழ் ஆய்வாளர்களும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ரம்புத்தான் தோல் வடிநீரால் துத்தநாக ஆக்சைடைச் செய்தார்கள். அவர்கள் தந்த விளக்கம் இது: தோலில் உள்ள எல்லாஜிக் அமிலம் துத்தநாக அயனியைக் கொடுக்குப் போட்டுப் பிடித்து ஒரு கூட்டுப்பொருளாகிறது, அதை 450 பாகை செல்சியஸில் சுட்டால் கரிமப் பகுதி எரிந்து போய், துத்தநாக ஆக்சைடு மணிகள் எஞ்சுகின்றன. அப்பளம் இட்டு அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இடையில் மாவு தூவுவோம் அல்லவா, தோல் அந்த மாவின் வேலையைச் செய்கிறது. மணிகள் ஒன்று சேர்ந்து பருத்துவிடாமல் தனித்தனியே நிற்கப் பார்த்துக்கொண்டு, கடைசியில் தான் எரிந்துபோகிறது.

இதே வழியில் அழகப்பா பல்கலைக்கழகம் 2011இலேயே பவளமல்லி இலையால் டைட்டானியம் டைஆக்சைடு செய்தது. அதே ஆண்டு கோவை, உடுமலைப்பேட்டை ஆய்வாளர்கள் கற்றாழைச் சாற்றால் துத்தநாக ஆக்சைடு செய்தார்கள். அதற்குப்பின் முருங்கை, கறிவேப்பிலை, கொய்யா என்று நம் கொல்லையில் ஒரு செடி மிச்சமில்லை. செடியை மாற்றினால் ஒரு புதுக் கட்டுரை என்ற நிலை வந்துவிட்டது. அந்தப் பட்டியலை வாசித்து உங்கள் நேரத்தை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

மணி சிறுக்க வேண்டும் என்று ஏன் இத்தனை பாடு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 நானோமீட்டர் குறுக்களவுள்ள துத்தநாக ஆக்சைடு மணிகள் ஒரு கிராம் இருந்தால், அவற்றின் மேற்பரப்பை எல்லாம் விரித்தால் ஏறத்தாழ 35 சதுர மீட்டர் வரும். ஒரு வீட்டின் கூடமும் சமையலறையும் சேர்ந்த தரை, ஒரு சிட்டிகைத் தூளுக்குள். ஒளியின் துணையோடு சாயத்தைச் சிதைக்கும் வேலை, அதாவது ஒளி வினையூக்கம், நடப்பது அந்தத் தரைமேல்தான்.

அந்த வினை இப்படி: போதிய ஆற்றலுள்ள ஒளி மணியின்மேல் படும்போது உள்ளே ஓர் எலெக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழுகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தைத் துளை என்கிறோம். இரண்டும் மறுபடி சேர்ந்துவிடத் துடிக்கும், பெரும்பாலானவை சேர்ந்தும்விடும். தப்பி மேற்பரப்பை எட்டும் சிலவற்றில், துளை தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும். எலெக்ட்ரானோ நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உசுப்பும். ஹைட்ராக்சில் ரேடிக்கலுக்கு ஆயுள் மிகக் குறைவு, பசி மிக அதிகம். எதிரில் வரும் கரிமப் பொருள் எதுவானாலும் கடித்துக் குதறும். மணி சிறியதானால் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வழி குறைவு, தப்புபவை அதிகம்.

டைட்டானியம் டைஆக்சைடு மின்முனைமேல் ஒளி பாய்ச்சி நீரைப் பிளக்கலாம் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் நேச்சர் இதழில் எழுதியதுதான் இத்துறைக்குப் பெருவாசல். ஆனால் வீட்டுக்குச் சாயம் பூசுகிறவர்களுக்கு இந்த வினையின் இன்னொரு முகம் அதற்கு முன்பே தெரியும். வெயில் குடித்த பழைய வெள்ளைச் சுவரில் கையைத் தேய்த்தால் உள்ளங்கையில் மாவு ஒட்டும். சாயத்தில் உள்ள டைட்டானியம் வெள்ளை வெயிலில் விழித்துக்கொண்டு, தன்னைச் சுற்றியுள்ள பிசினையே தின்றதன் அடையாளம் அது. அதனால்தான் சாயத்துக்கான மணிகளுக்குத் தொழிற்சாலையில் சிலிக்கா, அலுமினா உறை போட்டு அவற்றை உறங்க வைக்கிறார்கள். இதே கிழக்குக் கரையில் வடக்கே கெமாமான் வட்டாரத்தில் டைட்டானியம் வெள்ளைத் தொழிற்சாலை எழுந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். அப்படி உறங்க வைக்கும் பொருளைத்தான் நாங்கள் ஆய்வுக்கூடத்தில் எழுப்பப் பார்க்கிறோம்.

ரம்புத்தான் தோலால் செய்த துத்தநாக ஆக்சைடுக்கு இந்த வேலை வருமா என்று 2016இல் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மீத்தைல் ஆரஞ்சு சாயக் கரைசலில் தூளைப் போட்டுப் புற ஊதா விளக்கில் 120 நிமிடம் வைத்தார்கள். சாயத்தில் ஏறத்தாழ 84 விழுக்காடு போயிற்று. நல்ல முடிவுதான். ஆனால் இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவரும் நானும் இலைச்சாற்றால் செய்த ஒரு தூளை நீல நிற மெத்திலீன் புளூ கரைசலில் போட்டோம். வெயிலில் வைத்த குடுவை ஒரு மணி நேரத்தில் வெளுத்தது. அன்று மாலை இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. கட்டுரை எழுதக்கூடத் தொடங்கிவிட்டோம். மறுநாள் பெஞ்சைத் துடைக்கும்போது, அலமாரிக்குள் மறந்து வைத்திருந்த இன்னொரு குடுவையைப் பார்த்தேன். அதே கரைசல், அதே தூள், வெயிலே படாதது. அதுவும் வெளுத்திருந்தது. அடியில் படிந்த தூள் நீலமாக இருந்தது. எங்கள் தூளை நாங்கள் சரியாகச் சுடவில்லை. அதில் மிச்சமிருந்த துவர்ப்புப் பொருள் சாயத்தைக் கடுக்காய்த் துணிபோலப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எதையும் சிதைக்கவில்லை. எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட்டோம். அன்று முதல், தூளைப் போட்ட குடுவையை முதலில் அரைமணி நேரம் இருட்டில் வைத்து, எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று அளந்த பிறகே விளக்கைப் போட அனுமதிப்பேன்.

ஒட்டாமல் உண்மையிலேயே சிதைந்தாலும் கேள்வி முடிவதில்லை. சாயத்துக்கு நிறம் தருவது மூலக்கூறின் ஒரு சிறு பகுதி. மீத்தைல் ஆரஞ்சு போன்ற அசோ சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்த இணைப்பு அது. அந்தக் கை பிரிந்தாலே நிறம் போய்விடும். மூலக்கூறின் மற்ற துண்டுகள் நிறமில்லாமல் தண்ணீரில் அப்படியே கிடக்கலாம். சில துண்டுகள் முழுச் சாயத்தைவிடக் கெட்டவையாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் மீனுக்கும் தெளிந்ததா என்று அறிய, நீரில் மொத்தக் கரிமம் எவ்வளவு குறைந்தது என்று அளக்க வேண்டும். நிறத்தை மட்டும் அளந்து 'நீர் சுத்திகரிப்பு' என்று தலைப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. திருப்பூரின் நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவன் நான். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னபோது பிரச்சினை சாயத்தின் நிறம் மட்டுமா? உப்பு. சாயத்தைத் துணியில் ஏற்ற மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு. எந்த ஒளி வினையூக்கியும் உப்பைத் தின்னாது.

இனி உங்கள் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே திருப்பூர் போன்ற சாயப்பட்டறைகள் இல்லை. கிழக்குக் கரையில் திரெங்கானுவிலும் கிளந்தானிலும் பாத்தேக் பட்டறைகள் உண்டு. அவற்றின் கழிவில் ரிமசால் சாயமும் மெழுகும் சிலிக்கேட்டும் கலந்து வரும். ஜொகூரின் பெரிய கேள்வி செம்பனை. ஒரு டன் கச்சாச் செம்பனை எண்ணெய் எடுக்க இரண்டரை முதல் மூன்று டன் வரை ஆலைக்கழிவு நீர் வரும். புதிதாக வெளியேறும்போது அதன் அழுக்கை அளக்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977ஆம் ஆண்டுச் சட்டவிதிகள் அதைப் படிப்படியாக 100 வரை இறக்கச் சொல்லின. ஆலைகளின் குளங்களில் நுண்ணுயிர்கள் அந்தப் பெரும்பாட்டைச் செய்துவிடுகின்றன. ஆனால் கடைசிக் குளத்து நீரையும் பாருங்கள், பழுப்பாகவே இருக்கும். அந்தப் பழுப்பில் பெரும்பங்கு செடியின் லிக்னினும் துவர்ப்புப் பொருளும்தான். நுண்ணுயிர் தின்ன மறுக்கும் எச்சம் அது. இந்தக் கடைசிக் கட்டத்தில் டைட்டானியம், துத்தநாக ஆக்சைடுகளால் உதவ முடியுமா என்று பகாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உழைத்திருக்கிறார்கள். அது சரியான இடம். முதல் குளத்தில் தூளைக் கொட்டினால் ஒளியே உள்ளே போகாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது, அதை நாம் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். தண்ணீரில் பழுப்பாக நிற்கும் செடித் துவர்ப்பைப் போக்க, இன்னொரு செடியின் துவர்ப்பால் செய்த தூளைப் போடப் போகிறோம். தூளைச் சரியாகச் சுடாவிட்டால், போக்க வந்த அழுக்கையே கூடுதலாகச் சேர்ப்போம். தூள் கழுவிய நீர், தோல் வேகவைத்த மிச்சம், 450 பாகைக்கு உலை எரிந்த மின்சாரம், துத்தநாக நைட்ரேட்டைச் சுடும்போது எழும் நைட்ரஜன் ஆக்சைடுப் பழுப்புப் புகை, இவை எல்லாம் கணக்கில் வர வேண்டும். 'பசுமை வழி' என்ற சொல் அப்போதுதான் பொருள்படும். என் கூடத்தில் ஒரு விதி வைத்திருக்கிறேன். இலைச்சாற்றுத் தூள் ஒன்று செய்தால், பக்கத்திலேயே சாறு இல்லாமல் வெறும் காரத்தால் படியவைத்த தூள் ஒன்றும் செய்ய வேண்டும். அதே வெப்பம், அதே நேரம், அதே சோதனை. ரம்புத்தான் தன் இடத்தைச் சம்பாதிக்க வேண்டும். சில செடிகள் சம்பாதித்திருக்கின்றன. பல சம்பாதிக்கவில்லை, அவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

அடுத்து வெயில். துத்தநாக ஆக்சைடு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் புற ஊதாவை. நம் தலைமேல் விழும் வெயிலில் அது 4, 5 விழுக்காடுதான். விளக்கடியில் 120 நிமிடத்தில் நடந்தது வெயிலில் அப்படியே நடக்காது. ஸ்பெயினின் அல்மேரியாவில் வளைந்த கண்ணாடித் தொட்டிகளால் வெயிலைக் குழாய்மேல் குவித்து இந்தச் சிக்கலோடு பல்லாண்டாகப் போராடுகிறார்கள். அங்கே வறண்ட வானம். இங்கே நவம்பர் பிறந்தால் வடகிழக்குப் பருவக்காற்று மெர்சிங்கை அடைத்துக்கொண்டு நிற்கும். தீவுப் படகுகளே நின்றுவிடும். மழை நிரம்பி ஆலைக் குளங்கள் தளும்பும் அந்த மாதங்களில்தான் சுத்திகரிப்பு அதிகம் தேவை. அந்த மாதங்களில்தான் வெயிலும் இல்லை. இந்த ஊருக்கு ஒரு கருவி வடிவமைக்கும் மாணவன் முதலில் இந்த வானத்தைப் படிக்க வேண்டும்.

கடைசியாகக் கடல். இங்கிருந்து படகேறினால் சுல்தான் இஸ்கந்தர் கடல் பூங்காவின் தீவுகள். சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிய கடற்புல் வெளிகளில் கடற்பசு மேய்கிறது. எங்கள் பாக் நீரிணை மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். அதற்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தது. ஆற்றில் விடும் எதுவும் இந்தப் புல்லை வந்து சேரும். துத்தநாக ஆக்சைடு அமில நீரில் கரையும். வெயிலிலும் தானே மெல்ல அரிபட்டு துத்தநாக அயனியை விடும். கடலின் நுண்பாசிகளுக்கு அந்த அயனி சிறு அளவிலேயே நஞ்சு. ஆகவே, தூளாகத் தண்ணீரில் தூவும் எந்தத் திட்டத்தையும் நான் இந்தக் கரைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடியிலோ ஓட்டிலோ மணிகளைப் பதித்து, தண்ணீரை அதன்மேல் ஓட விட வேண்டும். மேற்பரப்பு குறையும், வேகம் குறையும். குறையட்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். மூன்றாவது டம்ளரை இப்போது பாருங்கள். நான் பேசத் தொடங்கும்போது கலக்கிய தூள். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அடியில் ஒரு மெல்லிய வெள்ளைப் படலம் இறங்கியிருக்கிறது. மேலே நீர் இன்னும் பால் கலந்தது போலவே நிற்கிறது. இதைக் காகித வடிதாளில் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். கீழே வந்த நீரிலும் அந்த வெள்ளை இருந்தது. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தொடாமல் வைத்து, எத்தனை நாளில் தெளிகிறது என்று எனக்கு எழுதுங்கள். குடிக்க மட்டும் வேண்டாம்.